விளிம்பு

பள்ளத்தூரில் ஐப்பசி பிறந்தால்
எனக்கு ஒரு டார்ச், ஒரு மருந்துப் புட்டி,
நாளைக்கு நாற்பது வீடு.
குடை மட்டும் என் சொந்தக் குடை.

என் தலை தெரிந்தால்
டீக்கடை முத்துக்கருப்பன்
கிளாஸை வெந்நீரில் இரண்டு தரம் அலசுவான்.

எல்லாரும் சொல்வது ஒன்றே:
எங்க வீட்ல தண்ணியே நிக்காது.
பிறகு நான் குனிவேன்.
பூந்தொட்டித் தட்டு. கோழிக்கு வைத்த சிரட்டை.
கொல்லையில் போட்ட ஆட்டுக்கல் குழியில்
ஒரு கை வானம், அதில்
துள்ளும் பத்துப் புழு.

கொட்டினால் போதாதுக்கா, விளிம்பைத் தேய்க்கணும்.
முட்டை ஒட்டிக்கிட்டுக் காய்ஞ்சு கிடக்கும்,
சாகாது.
ஆறு மாசம் கழிச்சு ஒரு தூறல் போதும்,
நேத்து இட்டது மாதிரி எழுந்துரும்.
தேங்காய் நாரும் கையுமாய் அழகம்மை கேட்டாள்:
"சீர் பாக்கியை மறக்காத என் நாத்தனா மாதிரியா?"
அதற்குமேல் அவளுக்கு விளக்க ஒன்றுமில்லை.

பூட்டிய வீடுதான் வம்பு.
பதினொரு பங்கு, ஒரே சாவி, அதுவும் கோலாலம்பூரில்.
காவலுக்கு இருக்கும் சேவுகன் போன் போட்டுத் தந்தார்.
"அங்கதான் யாருமே இல்லையேம்மா."
இருக்காங்க ஐயா.
பக்கத்து மாடியிலேர்ந்து பாத்துட்டுத்தான் பேசுறேன்.
தூம்பு அடைச்சு முற்றத்துல முழங்கால் தண்ணி,
குடும்பம் குடும்பமா இருக்காங்க.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
மறுநாள் பூட்டை அறுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உள்ளே ஏழு அண்டா, மூன்று கங்காளம்,
எந்தக் கல்யாணத்துக்கோ கழுவி
நிமிர்த்தி வைத்தது அப்படியே.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தோம்.
பந்தி முடிந்த சத்தம் தெருக்கோடிவரை போனது.

இருட்டி வீடு வந்தேன்.
முழங்கைவரை சோப்பு. ஆறவைத்த வெந்நீர்,
மூடி திறக்காத சொம்பு. எல்லாம் முறைப்படி.
சின்னவன் கழுத்தைத் தொட்டால் சுடுகிறது.
வெயில்ல ஆடுனேம்மா என்கிறான்.
இன்று ஏது வெயில்?

டார்ச்சை எடுத்தேன். நாற்பத்தொன்றாவது வீடு.
வாசல் சரி.
தொட்டி சரி.
வாளி சரி.
பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு,
தவணை கட்டி வாங்கிய நாளிலிருந்து
நான் இழுத்தே பார்க்காதது.

நாரைத் தேடி எடுத்து
விளிம்பைத் தேய்த்தேன், தேய்த்தேன்,
அவன் எழுந்து வந்து என்னம்மா என்று கேட்கும்வரை.

விடிந்ததும் ரத்தப் பரிசோதனைக்குப் போகணும்.
அதற்கு முன்னால்
ஊரார் கதவுக்குப் பின்னால் எழுதுவதுபோல்
என் கதவுக்குப் பின்னாலும் சாக்பீஸால் எழுதினேன்:
தேதி.
புழு உண்டு.