ஒரே பிளக்

வக்கீல்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார்கள்.
படகு லெயிஃபுக்கு. பனி தள்ளும் இயந்திரம் எனக்கு.
இந்தப் பேடில் ஜோடியை மட்டும்
என்ன செய்வதென்று தெரியவில்லை அவர்களுக்கு:
குமிழ் இரண்டு, வால் இரண்டு,
வால்கள் சேரும் இடத்தில்
ஒன்பது துளையோடு பிளக் ஒன்றே ஒன்று.

ஆறு வருடம் அவனிடம் கிடந்தது.
போன வாரம் ஃபார்கோவிலிருந்து தபாலில் வந்தது,
காபி டப்பாவுக்குள். கடிதம் இல்லை.
எவன் சொன்னானோ
நான் ஆர்கேட் பெட்டி செய்கிறேன் என்று.

துலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகி, கப்பல் சங்கு கேட்காத மாதம்.
கராஜில் நிற்கிறது என் பெட்டி,
ஒட்டுப்பலகையில் நானே அறுத்தது,
இடப்பக்கம் சாய்வு; அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பிளக்கை வெட்ட மனம் வரவில்லை.
பொருந்தும் முனை ஒன்று வாங்கி
விரல் நக அளவுப் பலகையில் சாலிடர் வைத்தேன்.
ஐந்தாம் பின் எனக்கு, ஒன்பதாம் பின் அவனுக்கு,
ஏழில் மின்சாரம், பொதுவாக.
நாற்பது வருடம் சும்மா இருந்த மூன்றாம் காலை
தரையோடு கட்டினேன்.
திரை எரிந்தது.
இரண்டு மட்டையும் பேருந்துக்கு நிற்பவர்கள் மாதிரி
வெடவெடவென்று நடுங்கின.

திறந்து பார்த்தேன்.
என் கரி வளையம் சுற்றுமுழுக்கத் தேய்ந்திருந்தது.
சிகரெட் சுட்ட தழும்புள்ளது அவனுடையது:
நடுவில் ஒரு விரற்கடை மட்டும் பளபளப்பு,
மற்றதெல்லாம் கடையில் வாங்கிய கறுப்பு.

அட பாவி,
ஒரே பக்கம்தானே ஆடினோம் நாம்,
பதினொரு குளிர்காலம்.
மூலைக்குப் போன பந்தையெல்லாம்
ஓடி ஓடி எடுத்தது நான் மட்டுமா?
இந்த வளையத்தை நீட்டியிருந்தால்
நீதிபதிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்காது.

மருந்து அடித்து, ஐம்பது தரம் திருகினேன்.
என்னுடையது அடங்கியது.
அவனுடையது இன்னும் உதறுகிறது.
பதினாறு அளவை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லி
நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.
நடுக்கம் நின்றது. ஆனால் மட்டை
அரை நொடி தாமதித்து வந்தது,
வீட்டுக்கு அவன் வருவது போலவே.
வரியை அழித்துவிட்டேன்.

இடக்கையில் என் குமிழ். வலக்கையில் அவனுடையது.
நடுவில் உதறல்தான். உதறட்டும்.
ஓரத்துக்குத் திருப்பினேன்,
அவன் ஒருநாளும் போகாத கோடிக்கு:
வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகிறது.

பந்து மூலைக்கு வந்தது.
எடுத்தது அவன் மட்டை.