ஓட்டுநரைச் சேர்க்காமல் நாலு பேர்

கும்ரி பேருந்து நிலையத்தில் காலை நாலரைக்கு
ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார் என் கணவர் ஹாமோ.
உள்ளே இருந்த பையன்
"மாமா, இது என் இடம்" என்றான்.
சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்,
பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளை மாதிரி.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.
இருபத்தைந்து ஆகட்டுமே என்று தள்ளப் பார்த்தார்.
"அதுக்குள்ள உங்க முழங்கால் என்ன சொல்லுமோ" என்று
லுசினே சீட்டு எடுத்துவிட்டாள்.
நாங்கள் இருவர், லுசினே, நாரெக்,
கூப்பிடாமலே வந்த நாத்தனார் சாத்தெனிக்.
அவள் மடியில் ஒரு பானை தொல்மா.
கடற்கரையில் வாயில் வைக்க ஒன்றும் கிடைக்காது என்று
யாரோ சொன்னார்களாம்.

இந்தப் பாதை அவருக்கு உள்ளங்கை.
கோடை தோறும் ஊரையே ஏற்றிக்கொண்டு போய்
ஜார்ஜியாக்காரர்களின் கடலோரம் இறக்கிவிட்டு
அன்றிரவே காலி வண்டியோடு திரும்புவார்.
இருக்கை இடுக்கில் கிடந்ததாக
ஒரு கூழாங்கல் கொண்டுவந்து தருவார்,
ஒருமுறை ஒற்றைக் குழந்தைச் செருப்பும்.
கற்களை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்தேன்.
எனக்கு வந்து சேர்ந்த கடல் அவ்வளவுதான்.

வளைவுக்கு வளைவு அவர் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
என் காலை அதன் மேல் வைத்து அமுக்கினேன்.
கல்யாணத்தன்று வாசற்படியில்
தட்டை மிதித்து உடைக்கச் சொன்னபோதும்
இந்தக் கால்தான் முந்திக்கொண்டது.

பாவ்ரா எல்லையில் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும்,
வண்டி தனியாக வரும்.
இவர் போய் வண்டிகளின் வரிசையில் நின்றார்,
கையில் சாவி இல்லாமல்.
"ஹாமோ, வண்டி எங்கே?" என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்.
"இன்னைக்கு நானே சரக்கு."
அவன் சிரிக்கவில்லை.
எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.
அவருடையதில் முத்திரை குத்த இடமில்லை.
என்னுடையது கடையில் வாங்கிய நோட்டுப்புத்தகம் போல.
ஒரே கல்யாணம், இரண்டு புத்தகம்.
அவனும் ஒரு கணம் அதைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

கோபுலேத்தியில் இறங்கியதும்
வண்டி நிறுத்த நிழல் எங்கே,
காபி எந்தக் கடையில் மலிவு,
கழிவறைச் சாவி யாரிடம்,
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
பைன் மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"சத்தம் வருதே... அந்தப் பக்கமாத்தான் இருக்கணும்."

நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
அன்று மேகம். கழுவாத தேநீர்க் கோப்பையின் நிறம்.
ஆனாலும் விட்டு விலக மனம் வரவில்லை.
குடை வாடகை கேட்டு வந்தவருக்கு
சாத்தெனிக் நாலு தொல்மா எடுத்து நீட்டினாள்.
தின்றார், விரலைத் துடைத்தார்,
வாடகையையும் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லோருடைய செருப்பையும் கையில் கோர்த்துக்கொண்டு
அலை தொடாத இடமாகப் பார்த்து நின்றார் ஹாமோ.
உதடு அசைந்தது.
"ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சரி, எல்லாரும் இருக்கீங்க."
இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினேன்:
"ஐந்து!"
புரியவில்லை. மறுபடி எண்ணினார்.
நாரெக் போய் செருப்புகளைப் பிடுங்கி
குடைக்கு அடியில் எறிந்தான்.

மூன்றாம் நாள் கிளம்பும் நேரத்தில்
இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஓடி
கால்சட்டை சொட்டச் சொட்ட வந்து நின்றார்.
ஈரத்தோடு ஏறாதே என்று
எத்தனை பேரைத் திட்டிய வாய்!
பையன் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தான்.

மலை ஏறத் தொடங்குமுன்பே தூங்கிவிட்டார்,
வாய் திறந்து, தலை என் தோளில்.
வளைவுகளை நான் பார்த்துக்கொண்டேன்.
எதிரே ஒரு லாரி.
என் கால் தரையை அழுத்தி மிதித்தது.