நண்பகலில் திறக்கும் சந்தை

பாரிசில் காலை ஒன்பது அடித்தால்
எங்களுக்கு நண்பகல்.
அங்கே சந்தை திறக்கும் நேரம்
இங்கே சேந்த்-ஆந்த்ரேயில் நான் சோறு வடிப்பேன்.
இன்று உலை வைக்க மனம் வரவில்லை.
பத்து மணியிலிருந்து சிவப்பு எச்சரிக்கை.
ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்று வானொலி
பிரெஞ்சில் ஒருமுறை, கிரெயோலில் ஒருமுறை.
பிறகு மின்சாரம் போயிற்று.

கைப்பேசியில் முப்பத்தொரு விழுக்காடு உயிர்.
திரையிலும் சிவப்புத்தான்,
என் ஏழில் ஐந்து.

பங்கு என்கிறோம்.
காரைக்காலில் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு
பெரியப்பா மக்கள் வந்து கேட்டதும் பங்கு.
ஞாயிறுதோறும் மணியடித்துக் கூப்பிடுவதும் பங்கு.
இப்போது லியோனுக்குப் பக்கத்தில் எங்கோ
காருக்கு வைப்பர் செய்கிற தொழிற்சாலையில்
கோடியில் ஒரு துளி எனக்கு.
அதன் கதவு என்ன நிறம் என்றுகூடத் தெரியாது,
ஆனாலும் பங்காளி.
பங்காளி என்றால் காய்ச்சல் இருக்கும்தானே.

அறுபத்தொன்றுக்கு வாங்கினேன்.
ஐம்பதில் விற்றிருக்கலாம்;
அறுபத்தொன்று திரும்பி வரட்டும் என்றேன்.
நாற்பத்தைந்தில், ஐம்பது வந்தால் போதும் என்றேன்.
இன்று முப்பத்தெட்டு.
நான் கொடுத்த விலை எனக்கு மட்டும் ஞாபகம்.
சந்தைக்கு அது தெரியாது.
தெரிந்தால் மட்டும் என்ன,
பாவம் என்று இரண்டு யூரோ ஏற்றித் தருமா?

வாசனைத் தைலக் கம்பெனி இரட்டிப்பாகி நிற்கிறது.
அதை விற்கத்தான் கை துறுதுறுக்கிறது.
லாபத்தை விற்றால்
நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சவரிராயன் நேற்று முழுக்க மரம் வெட்டினார்.
பப்பாளியை அடியோடு.
லிச்சியில் நாலு கிளை, காற்று நுழைந்து வெளியேற.
போன டிசம்பரில் காய்த்த கிளையா, மலட்டுக் கிளையா
என்று அவர் பார்க்கவில்லை.
கூரைப் பக்கம் சாய்கிறதா, அவ்வளவுதான் பார்த்தார்.
நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு
வேறெதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

வைப்பர் வேண்டாம் என்று அன்றே சொன்னவர் அவர்.
வாங்கியதை நான் சொல்லவில்லை.
விற்றால் ஒரு சீட்டு வரும்,
வரிக்கணக்கில் நட்டம் என்று ஒரு வரி விழும்.
வீட்டில் வரிக்கணக்கு எழுதுவது அவர்.
வைத்திருக்கும்வரை அது நட்டமில்லை என்று
எனக்கு நானே வட்டி கட்டி வந்தேன்.

இரண்டு மணிக்குமேல் கூரைத் தகரம் பேச ஆரம்பித்தது.
மதாம் வலியாமே போனில் வந்தாள்:
மெழுகுவர்த்தி இருக்கிறதா?
இருக்கிறது, கொண்டுவந்து தர முடியாது.
பரவாயில்லை, கொஞ்சம் பேசிக்கொண்டிரு என்றாள்.
அவளுக்கு ஒன்பது விழுக்காடு போயிற்று.

மீதி பதினொன்று.
டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர்க் கேன்களை எண்ணியபடி,
தலை நிமிராமல், சவரிராயன் கேட்டார்:
"அந்த வைப்பர் கம்பெனி
இன்னும் கையில இருக்கா?"

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை.
"இருக்கு" என்றேன்.

"இந்த மழைக்கு நல்லா ஓடணுமே அது."

யார் முதலில் சிரித்தது என்று
தகரச் சத்தத்தில் தெரியவில்லை.

விற்பனை.
அளவு: முழுவதும்.
விலை: சந்தை என்ன தருகிறதோ அது.
அழுத்தினேன்.

சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
கோபுரம் சாய்ந்ததோ என்னவோ,
மூலையில் ஒரு கோடுகூட இல்லை.
விற்றேனா, வைத்திருக்கிறேனா,
நாளைக்குத்தான் தெரியும்.
தைலத்தை நான் தொடவில்லை.

வெளியே லிச்சியில் ஏதோ முறிந்தது.
வெட்டாமல் விட்டதில் எது என்று
ஜன்னல் பலகைகளுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்ல முடியாது.

சவரிராயன் அரிசி களைந்தார்.
நல்லவேளை, கேஸ் இருந்தது.