இரண்டாம் சுற்று

கடலூர் முதுநகரில், மீன் மார்க்கெட் தாண்டி
உப்பனாற்று வாடை அடிக்கிற சந்தில் மூன்றாவது வீடு.
நபர் எண் நானூற்றுப் பதினேழு.
பெயரைப் படிவத்தில் எழுதக் கூடாது.
இது படிவம் இல்லை: பாவாடைசாமி.
துறைமுகத்தில் சரக்குக் கணக்கர்.
தோணியிலிருந்து மூட்டை இறங்க இறங்க
நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து
முப்பத்தொரு வருஷம்.

முதல் சுற்றில் கேட்டேன்,
இது என்ன மாசங்க அய்யா?
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.
"வாடைக்காத்து இன்னும் தொடங்கல."
அது புரட்டாசி. தொடங்கியிருக்கவில்லைதான்.
ஆனால் விடைக் கட்டத்தில் காற்றுக்கு இடமில்லை.
வருஷம்?
"தானே புயலுக்கு மறுவருஷம்."
பத்து வருஷம் பிந்தியிருந்தார்.
தவறு என்பதைத் தொட்டேன்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைங்க.
தொண்ணூத்தி மூணு.
எண்பத்தாறு.
அதற்குமேல் எழுந்து நின்றுவிட்டார்.
"ஏழு ஏழா எங்க போவுது மூட்டை?
யாரு கையெழுத்து போட்டு எடுத்தது?"
அவரை உட்காரவைக்க ஒரு டீ செலவானது.

பிறகு பத்து வார்த்தைகள், மூன்று முறை, நிறுத்தி நிறுத்தி.
சாவி தயிர் பாலம் தபால் ஆடு
குடை உப்பு மணி ரயில் திரி.
ஐந்து நிமிஷம் கழித்து நினைவிருந்தது
உப்பு மட்டும்.
நிலைப்படியில் நின்ற தையல்நாயகியின் உதடுகள் அசைந்தன.
அம்மா, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது.
சமையலறைக்குள் போனாள்.
அந்தச் சமையலறைக்குக் கதவில்லை,
பழைய சேலைத் திரைதான்.

கவனிப்பவருக்கான கேள்விகளில் பதினொன்றாவது:
உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.
"எனக்கு நேரம் எதுக்கும்மா?"
எந்தக் கட்டம் என்று மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.
ரெண்டுன்னு போடு என்றார்.

பதினெட்டு மாதம் கழித்து மறுபடி அதே சந்து.
தலை வாரி எண்ணெய் வைத்து
துவைத்த சட்டையில் உட்காரவைத்திருந்தாள்.
என்னைத் தெரியவில்லை.
நாற்காலியின் கைப்பிடி எதற்கென்றும் தெரியவில்லை போல,
தடவித் தடவிப் பார்த்தார்.
நான் பையைத் திறக்கும் முன்பே
கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்,
சாவி தயிர் பாலம் தபால் ஆடு.
விரல் தொடையில் கோடு இழுத்தது.
ஆடு வந்ததும் குறுக்கே ஒன்று.
குடை உப்பு மணி ரயில் திரி.
இரண்டு கட்டு, குறைவில்லை.

"தினம் விளக்கு வெச்சதும், மாத்திரையோட.
திரிதான் நிக்கவே இல்ல.
போன மாசந்தான் புடிச்சாரு.
பாஸுதானே?"

இரண்டாம் சுற்றுக்கு வேறு பட்டியல்.
மனப்பாடம் முடிவைக் கெடுக்கும் என்று
பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.
ஊசி மேகம் கிணறு சட்டை புலி என்று
வாசிக்க ஆரம்பித்தேன், மூன்று முறையும்.
மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.
ஐந்து நிமிஷம் கழித்து, மறுபடி, சாவி தயிர் பாலம்.

பத்துக்குப் பூஜ்யம்.
குறிப்புகளுக்கு அறுபது எழுத்துவரை இடம் இருந்தது.
எழுதினேன். அழித்தேன்.
எல்லாம் சரி என்று அவளிடம் சொன்னேன்,
எந்த எல்லாம் என்று சொல்லாமல்.

செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தாள்.
அவளுக்கு எண் கிடையாது.
அறுபது நிறைய இன்னும் ஒன்றரை வருஷம்,
ஆய்வில் சேர மாட்டாள்.
"ஊசி, மேகம், கிணறு, சட்டை, புலி,
வெல்லம், கயிறு, பந்து..."
இடுப்பில் ஈரக் கையைத் துடைத்தபடி கேட்டாள்,
"அதுக்கப்புறம் ஏணியா, ஆணியா?
நிலான்னு முடியுது, அது தெரியும்."

படிவத்தை எடுத்துப் பார்த்துத்தான்
என்னால் சொல்ல முடிந்தது.