நாற்பத்திரண்டாவது ஆள்

அழுத்தினால் 'கிளிக்' என்று எண் ஏறும் கருவி
என் கோட்டுப் பையில் கிடக்கிறது.
உள்ளே போகிறவருக்கு ஓர் அழுத்தல்.
வெளியே வருகிறவருக்குத் தாளில் ஒரு கோடு.
இரண்டும் ஒத்துப்போனால்தான்
பெரிய கதவைப் பூட்டலாம்.

அக்டோபரின் கடைசி, பருவத்தின் கடைசி நாளும் அதுதான்.
நாளையிலிருந்து பங்குனி வெயில் வரும்வரை
கோட்டை நீர்க்காகங்களுக்கு.

நிலத்தோடு எங்களைச் சேர்த்து வைத்திருப்பது
கழுத்து மாதிரி ஒடுங்கிய ஒரு பாறை,
அதில் இறங்கி ஏற நூற்றுத் தொண்ணூறு படி.
காற்று குறுக்கே அடித்தது.
ஜெர்மன் தம்பதி
ஒருவர் தொப்பியை மற்றவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.
பிறகு பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது பேர்.
மூக்கொழுகிய ஒருவன் கேட்டான்,
"இங்கே பேய் இருக்கா?"
"இந்தச் சம்பளத்துக்கு ஒன்றும் வரமாட்டேங்குது" என்றேன்.

அவர்களுக்கும் அதே கதையைத்தான் சொன்னேன்.
நாலு முற்றுகை. எட்டு மாதம் பீரங்கி.
உப்பிட்ட ஹெர்ரிங் தீர்ந்து
குதிரைத் தோலை வேகவைத்துத் தின்றார்கள்.
ஆனாலும் கடல்வாசல் வழியாக
ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட ஏறியதில்லை.
நாளுக்கு ஆறு முறை சொல்கிறேன்.
ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்
சொந்த வீட்டைச் சொல்வதுபோல் குரல் நிமிர்ந்துவிடுகிறது,
நான் மீன் வெட்டும் குடும்பத்துப் பெண் என்றாலும்.

நாலரைக்கு வெளிச்சம் கரைந்தது.
தாளில் கோடுகள் ஐந்தைந்தாக
எட்டுக் கட்டு, மேலே ஒன்று.
கருவியிலும் நாற்பத்தொன்று.
சாவியை எடுத்தேன்.

உள்ளேயிருந்து காலடி.
ஈரமான காலடி.

கறுப்பு ரப்பர் உடை, ஒரு காலில் மட்டும் செருப்பு,
உதடு நாவல் பழ நிறம்,
உள்ளங்கை கிழிந்து, தலையில் பாசி.
"மன்னிக்கணும்,
வெளியே போற வழி இதுதானே?"

பெயர் ருவரி. முனையைச் சுற்றும்போது
கயாக் கவிழ்ந்துவிட்டது. துடுப்பு எங்கேயோ.
அலை தூக்கிப் போட்ட இடத்தில்
பாசி பிடித்த படிகள்,
துருவில் பாதி கரைந்த கிராதி.
மூச்சை வெளியே விட்டு நுழைந்தானாம்.

டிக்கெட் அறையில் ஹீட்டர் முன் உட்கார வைத்தேன்.
பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீர்.
கோப்பை விளிம்பில் பற்கள் தந்தியடித்தன.
கடலோரக் காவலுக்குப் போன் செய்தேன்.
"தேடுகிறீர்களா? தேட வேண்டாம்.
என்னிடம் ஒருவர் அதிகமாக இருக்கிறார்."

நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும்
சுவரிலிருந்த கட்டணப் பலகையைப் படித்தான்.
"ஒன்பது பவுண்டா? பர்ஸ் கடலில்..."
"நாலு படையால் முடியாததை
ஒற்றைச் செருப்போடு முடித்திருக்கிறாய்.
பிடித்தவனிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கம்
எந்த நாட்டிலும் இல்லை, குடி."
சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

ஆம்புலன்ஸ் விளக்கு மேட்டில் மறைந்தபின்
தாளில் இன்னொரு கோடு போட்டேன்.
கை சரியாக நிற்கவில்லை, கோடு சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து லாக்லன்.
"இஷ்பெல், உள்ளே நாற்பத்தொன்று,
வெளியே நாற்பத்திரண்டு என்று இருக்கிறதே.
ஒன்றைக் குறைத்துவிடட்டுமா?"

துறைமுகச் சுவரில் ஒரு கருங்கல்.
காலையில் ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம்
அதைத் தாண்டித்தான் போகிறேன்.
இருபத்திரண்டு பெயர். பதினாலாவது பெயருக்குப் பின்னால்
என் குடும்பப் பெயர்.
இந்தக் கரையில் கணக்கு பிசகியதெல்லாம்
எப்போதும் ஒரே பக்கமாகத்தான்.

"வேண்டாம், லாக்லன். சரியாகத்தான் எண்ணினேன்."

அந்தச் செருப்பு ஹீட்டர் அடியிலேயே கிடக்கிறது,
காய்ந்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
இடது கால். அளவு பத்து.
ஆணியில் மாட்டலாமா என்று பார்க்கிறேன்,
கோட்டையைப் பிடித்தவர் பட்டியலுக்குக் கீழே.