மணியில்லாத அங்கி

பென்சில்வேனியாவில், ஆற்றோரச் சாலையில்,
பேருந்துகள் வந்து நிற்கிற ஒரு கொட்டகைக்குள்
ஆசரிப்புக் கூடாரம் வைத்திருக்கிறோம்.
பலகைகள் நிஜம். பொன் மட்டும் பூச்சு.
பிரதான ஆசாரியன், நொடித்துப்போன துணிக்கடையில்
பதினைந்து டாலருக்கு வாங்கிய பொம்மை;
தாடி ஒட்டியது நான்.

பொத்தான்கூட ஆடம்பரமென்று
கொக்கி மாட்டிக்கொள்கிற மென்னோனைட் பெண்
இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து
ஜரிகை தைத்தேன்.
இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு.
தொங்கலில் ஒரு மணி, ஒரு மாதளை,
மறுபடி ஒரு மணி.
கிழியாதிருக்கக் கழுத்தைச் சுற்றி
நெருக்கி நெய்த கரை, வேதத்தில் உள்ளபடி.

வருகிறவர்களுக்குக் குச்சியால் சுட்டி ஒப்பிப்பேன்:
நீலம், அவர் வந்த வானம்.
இரத்தாம்பரம், அவர் ராஜா.
சிவப்பைச் சொல்ல வேண்டியதில்லை.
தோளில் இரண்டு கல், மார்பில் பன்னிரண்டு;
நம் பேர்களைச் சுமக்கிறார்,
பாரமாகவும், நெஞ்சோடும்.

பன்னிரண்டில் ஒன்று விழுந்து காணாமற்போனபோது
என் தம்பி ஏனோஸ் பச்சைப் புட்டியொன்றை உடைத்து
உரசி உரசி வடிவாக்கித் தந்தான்.
இது எந்தக் கோத்திரமடா என்றேன்.
"இஞ்சி சோடா" என்றான்.

தீவனக் கிடங்கின் தூசி அவன் நெஞ்சைத் தின்றது.
நவம்பரில் படுக்கையருகே ஒரு மணி வைத்தேன்,
அங்கிக்குத் தைத்ததுபோக மிஞ்சியது.
தண்ணீருக்கு ஒரு தரம்.
புரண்டு படுக்க இரண்டு.
அடுக்களையில் கை மாவோடு காதைத் தீட்டி நிற்பேன்.
வெளியே நின்ற ஜனமும் இப்படித்தானே:
உள்ளே ஒலிக்கிறது,
அப்படியானால் உயிரோடிருக்கிறான்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள்,
திரைக்கு அப்பால் போகிற அந்த ஒரே நாளில்,
பொன்னைக் கழற்றி வைப்பான்.
கற்களை. மணிகளை.
வெறும் சணல்நூல் சட்டை, சணல்நூல் கச்சை.
"தம்மைத்தாமே வெறுமையாக்கினார்" என்று
இந்த இடத்தில் குச்சியைத் தாழ்த்துவேன்,
எத்தனை நூறு முறை!
அன்றைக்கு வெளியே நின்றவர்கள்
எதைக் கேட்டு நம்பினார்கள் என்று
ஒருமுறையும் யோசித்ததில்லை.

பனி சாலையை விழுங்கிய இரவில்
மணி அடிக்கவில்லை.

எங்களில் இறந்தவர்களுக்கு வெள்ளைதான்.
கடை நாற்பது மைல்.
லாந்தரோடு கொட்டகைக்குப் போய்
இரண்டாவது கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
நானே தைத்த அந்தச் சணல்நூல் சட்டையை எடுத்தேன்.
அவனுக்குக் கொஞ்சம் நீளம்.
கைகளை மடித்துத் தைத்தேன்;
பால் கறந்து காய்த்த கட்டைவிரல்
அப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
அடக்கத்துக்கு மண்ணை இளக்க
மூன்று நாள் வைக்கோல் எரித்தார்கள்.

ஏப்ரலில் குழுவிலிருந்து லாண்டிஸ் ப்ரூபேக்கர் வந்து
கணக்கெழுதினார்: பெட்டி இரண்டு, ஒன்று காலி.
"சலோமா, மறுபடி எப்போது தைப்பாய்?"
லேவியராகமத்தைத் திறந்து காட்டினேன்.
காரியம் முடிந்ததும் அந்த உடையைக் கழற்றி
அங்கேயே வைத்துவிடச் சொல்லியிருக்கிறது.
எடுத்துவரச் சொல்லவில்லை.
கல்லறைக்குள் குனிந்து பார்த்தவர்களும்
கிடந்த சீலைகளைத்தானே கண்டார்கள்?
அவர் தொப்பியை விரல்களில் சுற்றிக்கொண்டே நின்றார்.
பிறகு பால் விலையைப் பற்றிப் பேசினோம்.

இப்போது கூட்டத்தைக் கடைசியாகக்
காலிப் பெட்டியின் முன் நிறுத்துகிறேன்.
குச்சியைச் சுவரில் சாய்க்கிறேன்.
போன வாரம் ஒரு சிறுமி
கண்ணாடியில் மூக்கை அழுத்தி,
"அவர் எங்கே?" என்றாள்.

"உள்ளே."

பக்கத்துப் பெட்டியில்
மணிகளைத் தூசி தட்டித்தான் வைத்திருக்கிறேன்.