காண்க

மார்ச் முப்பத்தொன்றுக்குள் அச்சில் வந்தாக வேண்டும்,
மானியம் அப்படி.
கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கிறதே,
ஒரு பொத்தானைத் தட்டினால் போச்சு என்றார் செயலாளர்.
தட்டினேன்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பதிவுகள்
முத்தியால்பேட்டை மார்க்கெட்டில்
மூட்டை பிரிந்த சின்ன வெங்காயமாக
ஓடின, எல்லாப் பக்கமும்.

முதலில் ஊர்.
புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, பாண்டி,
பிறகு மறுபடி புதுச்சேரி.
கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருப்பதால்
அது வேறு ஊராம்.
தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி எழுது என்பது விதி;
பதினொரு வருடம் உள்ளபடிதான் எழுதினேன்.
ஒரே கடற்கரைக்கு ஐந்து தலைப்பு.
புதுவை: காண்க புதுச்சேரி
பாண்டி: காண்க புதுச்சேரி
என்று நாள் முழுக்கப் பலகை நட்டேன்.
இடைவெளியை மட்டும் அழித்துவிட்டேன்.

காட்டும் இடத்தில் ஆள் இல்லாவிட்டால்
அது குருட்டுக் காண்க.
படிக்கும்போது இதற்கு இரண்டு மதிப்பெண்.

ழ மொழிமுதலில் வராது, அதற்கும் இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இந்த ஊரில் வருகிறது.
ழான், ழாக், ழெர்மேன்.
இயந்திரம் அவர்களை வ-வுக்கு முன்னால் உட்காரவைத்தது,
நான் பின்னால் அழைத்துப் போனேன்.
இலக்கணம் இடம் தராதவர்களுக்கு
பக்கம் 187-ல் முக்கால் பக்கம்.

நெல்லித்தோப்பு அச்சகத்தில் கலிவரதன்
தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதும்
கொம்புகள் கழன்று அடுத்த எழுத்தை முட்டின.
ஸ்ரீ இருந்த இடமெல்லாம் வெறுங்கட்டம்.
"முப்பத்திரண்டு ஸ்ரீனிவாசன் மேடம்,
ஒருத்தருக்கும் தலை இல்ல."

மூன்றாம் மெய்ப்பில்தான் கண்ணில் பட்டது.
பக்கம் மூன்று, இடப்பக்கப் பத்தி:
அமலோர்பவம், ம. சோதனை சோதனை.
புதுச்சேரி: கககக, 2013.
999 ப. விலை ரூ. 1.

நான்தான்.
வேலைக்குச் சேர்ந்த அன்று காலை
விசை பழக அடித்தது,
பதற்றத்தில் என் பெயருக்கே ற் வரவில்லை.
திரையில் தேடினால்தான் அகப்படும், யாரும் தேடவில்லை.
தாளில் அப்படியில்லை,
சும்மா புரட்டுகிறவரும் பார்த்துவிடுவார்.

எடுத்தால் மூன்று வரி மேலே ஏறும்,
அதன்பின் இருநூறு பக்கமும் ஏறும்,
சுட்டியை முதலிலிருந்து போடணும் என்றார் கலிவரதன்.
தேதி இருபத்தெட்டு. கரண்ட் வேறு வந்து வந்து போகிறது.
"மூணு வரிக்கு அளவா வேற ஏதாவது குடுங்க மேடம்."

முன்னட்டை ஏற்கெனவே அடித்துக் காய்ந்துகொண்டிருந்தது.
தொகுப்பாசிரியர்: செயலாளர் பெயர், பட்டங்களோடு.
தட்டியது ஒரு தரம்கூட இல்லை.

பேனாவை வாங்கி மெய்ப்பின் ஓரத்தில் எழுதினேன்:
அமலோற்பவம், ம.
காண்க: இந்நூல்,
எல்லாப் பக்கங்களும்.

கலிவரதன் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை.
அடித்துப் பார்த்தார்.
ற் சரியாகவே விழுந்தது.